37 பாகை எல்லோருக்கும் பொருந்தாது: வடக்கின் டயலிசிஸ் பிரிவுகளுக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வட மாகாணத்தில் டயலிசிஸ் பிரிவுகளை நடத்துகின்ற சிறுநீரக வைத்திய நிபுணர்கள், வைத்தியசாலைப் பணிப்பாளர்கள், பொறுப்புத் தாதிய உத்தியோகத்தர்கள் ஆகியோருக்கு,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் குருதியைச் சுத்திகரிக்கிற டயலிசிஸ் இயந்திரத்தின் திரையில், வடிகட்டிக்குள் குருதிக்கு மறுபுறம் ஓடுகிற திரவத்தின் வெப்பநிலை என்று ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணை ஒவ்வொரு நோயாளிக்கும் தனியே பார்த்துத் தீர்மானியுங்கள். தீர்மானித்ததை அவருடைய பதிவுத்தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே அவருடைய உடல் வெப்பநிலையையும் குருதியின் ஒட்சிசன் அளவையும் எழுதுங்கள். புதிய இயந்திரம் கேட்கவில்லை. கட்டடம் கேட்கவில்லை. கொழும்பிலிருந்து வந்து சேர வேண்டிய மருந்து எதையும் கேட்கவில்லை.

நான் வைத்தியன் அல்லன். உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன். நீரிழிவு சிறுநீரகங்களைத் தின்று முடித்த பிறகு, வலிகாமத்தில் பலரைப் போல நானும் இயந்திரத்தின் தயவில் இருப்பவன். நான்கு மணித்தியாலம் அசையாமல் கிடக்கிற ஒருவனுக்கு அந்தத் திரையை விட்டால் வாசிக்க வேறொன்றும் இல்லை. என் கட்டில் எந்த வைத்தியசாலையில் இருக்கிறது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. ஓரிடத்தின் மீது குறை சொல்வதற்காக இந்த மடல் எழுதப்படவில்லை. அங்கே எனக்கு ஊசி ஏற்றுகிற தாதியர்களின் கைப்பக்குவத்துக்கு நான் கடமைப்பட்டவன்.

நான் கண்டது இதுதான். முதியவர், இளையவர், 45 கிலோ நிறையுள்ள பெண், 80 கிலோ நிறையுள்ள ஆண், உச்சி வெயிலில் பஸ்ஸில் வந்தவர், விடுதியிலிருந்து சக்கர நாற்காலியில் தள்ளிவரப்பட்டவர் எல்லோருடைய திரையிலும் ஒரே எண்: 37.0. அதை யாரும் தீர்மானித்ததாகத் தெரியவில்லை. இயந்திரம் வந்த நாளில் இருந்த எண் அப்படியே இருக்கிறது.

மனித உடலின் வெப்பநிலை 37 பாகை செல்சியஸ் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. நானும் அப்படித்தான் படிப்பித்தேன். ஆனால் சிறுநீரகம் செயலிழந்தவர்களில் பலருடைய உடல் வெப்பநிலை 36.5 ஐக்கூட எட்டுவதில்லை. 36.2 இல் இருக்கிற ஒருவருக்கு 37 பாகைத் திரவம் நடுநிலையானது அல்ல. அது ஒரு வெப்பமூட்டி. நிமிடத்துக்கு 300 மில்லிலீற்றர் என்ற வேகத்தில் குருதி வடிகட்டிக்குள் போனால் நான்கு மணித்தியாலத்தில் 72 லீற்றர் ஆகிறது. உடலில் உள்ளதோ ஏறத்தாழ 5 லீற்றர்தான். ஆகவே ஒருவருடைய குருதி முழுவதும் அந்த வடிகட்டியைப் பதினான்கு தடவை சுற்றி வருகிறது. மறுபக்கத்தில் நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் வீதம் 120 லீற்றர் திரவம் ஓடுகிறது. இவ்வளவு பெரிய பரப்பில், இவ்வளவு நேரம், இரு திரவங்கள் மெல்லிய சவ்வொன்றின் இருபுறமும் ஓடினால் வெப்பம் எந்தப் பக்கம் பாயும் என்பதை எந்த மாணவனிடமும் கேட்கலாம். குழாய்கள் வழியே அறைக்குள் கொஞ்சம் வெப்பம் இழக்கப்படுவது உண்மைதான். ஆனால் உடல் சூடேறுவதற்கு இயந்திரம் மட்டும் காரணமல்ல.

டயலிசிஸில் உடலில் தேங்கிய மேலதிக நீர் வெளியேற்றப்படும்போது உடல் தன் குருதியழுத்தத்தைக் காப்பாற்றத் தோலிலுள்ள குருதிக் குழாய்களைச் சுருக்குகிறது. தோல்தான் உடலின் வெப்பம் வெளியேறும் வாசல். வாசலை அடைத்ததும் வெப்பம் உள்ளே தங்குகிறது. உள்வெப்பநிலை ஏறி ஒரு கட்டத்தைத் தாண்டியதும் உடல் வேறு வழியின்றித் தோலின் குழாய்களைத் திறந்துவிடுகிறது. அப்போது அழுத்தம் சரிகிறது. கொட்டாவி, வியர்வை, கண் இருட்டுதல், காலில் தசைப்பிடிப்பு என்று நாங்கள் அனுபவிப்பவற்றில் ஒரு பகுதி இப்படி வருகிறது. திரவத்தைக் குளிர்மையாக வைத்தால் அழுத்தம் நிலைக்கிறது என்பதை இத்தாலியின் மஜியோரேயும் அவருடைய குழுவினரும் 1980களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார்கள்.

அழுத்தம் விழுந்ததும் என்ன நடக்கிறது? கட்டிலின் தலைப்பக்கம் தாழ்த்தப்படுகிறது. சேலைன் ஏற்றப்படுகிறது. நீர் எடுப்பது நிறுத்தப்படுகிறது அல்லது குறைக்கப்படுகிறது. அந்த நேரத்தில் அது சரியான செயல். உயிரைக் காப்பாற்றுகிற செயல். ஆனால் எடுக்கப்பட வேண்டிய நீரில் ஒரு பகுதி உடலிலேயே நின்றுவிடுகிறது. எங்களில் பலருக்கு வாரத்தில் இரண்டு தடவைதான் இயந்திரம் கிடைக்கிறது. பல நாடுகளில் மூன்று தடவை. மணித்தியாலத்துக்கு, நிறையில் ஒரு கிலோவுக்கு, 13 மில்லிலீற்றருக்கு மேல் நீர் எடுப்பது இதயத்துக்கு ஆகாது என்பது பலரும் பின்பற்றுகிற எல்லை. 60 கிலோ உள்ள ஒருவருக்கு நான்கு மணித்தியாலத்தில் அது 3 லீற்றரைச் சற்றே தாண்டும். சித்திரை மாதத்து யாழ்ப்பாணத்தில், மூன்று நாள் இடைவெளிக்குப் பிறகு, 4 கிலோ கூடி வராதவர் எத்தனை பேர்? (கருவாடும் ஊறுகாயும் எங்களுக்கு ஆகாது என்ற அறிவுரையை நான் அறிவேன். அதைப் பற்றி வேறொரு மடலில் சண்டை பிடிக்கலாம்.)

நின்றுபோன நீர் காலில் வீங்கினால் பார்க்க முடிகிறது. நுரையீரலில் தங்கினால் இரவில்தான் தெரிகிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருக்க வேண்டியிருக்கிறது, ஒட்சிசன் குறைகிறது. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் வந்து, அங்கிருந்து பஸ் ஏறி வருகிற ஒருவருக்கு அந்த இரவில் திரும்பி ஓடிவர வழியில்லை. திரையிலுள்ள வெப்பநிலைக்கும் ஒருவருடைய மூச்சுக்கும் உள்ள தொடர்பில் பெரும்பகுதி இந்தச் சங்கிலிதான்: சூடு, அழுத்த வீழ்ச்சி, முடியாத நீரகற்றல், நனைந்த நுரையீரல்.

இயந்திரத்தில் இருக்கும்போதே ஒட்சிசன் குறைவதற்கு வேறு காரணங்களும் உண்டு. பழைய செலுலோசு வடிகட்டிகள் குருதியிலுள்ள வெண்குருதிக் கலங்களைத் தூண்டிவிட, அவை நுரையீரலின் நுண்குழாய்களில் போய் ஒட்டிக்கொள்கின்றன என்று 1970களில் கண்டறிந்தார்கள். அக்காலத்து அசிற்றேற்றுத் திரவம் குருதியின் காபனீரொட்சைட்டை இழுத்துக்கொண்டு போனது. காபனீரொட்சைட்டு குறைந்தால் மூளை மூச்சை மெதுவாக்குகிறது. இன்றைய செயற்கை வடிகட்டிகளும் பைகாபனேற்றுத் திரவமும் இந்தச் சிக்கல்களைப் பெருமளவு தணித்துவிட்டன. ஆனால் முற்றாக நீக்கவில்லை. கண்ணயர்ந்ததும் மூச்சு இடையிடையே தடைப்படுகிற கோளாறும் சிறுநீரக நோயாளிகளில் அதிகம். எங்கள் பிரிவில் மதியம் எழுகிற குறட்டையைக் கேட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

குளிர்ந்த திரவம் டயலிசிஸின்போது ஒட்சிசன் வீழ்வதைத் தடுக்க உதவுகிறது என்ற முடிவை 1997 இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். சிறிய ஆய்வு அது. அதை மட்டும் நம்பி இந்த மடலை எழுதியிருந்தால் நீங்கள் குப்பைக்கூடையில் போடுவது நியாயம். 2002 இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு இன்னும் உறுதியானது. அழுத்தம் அடிக்கடி விழுகிறவர்களையே தெரிந்தெடுத்து, டயலிசிஸ் முழுவதும் அவர்களின் உடல் வெப்பநிலை ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள். 12 தடவையில் 6 தடவை அழுத்தம் விழுந்துகொண்டிருந்த நிலை 3 தடவையாகக் குறைந்தது. இதயத் தசையும் மூளையும் டயலிசிஸால் படுகிற காயத்தைக் குளிர்ந்த திரவம் குறைப்பதாகப் பிரித்தானிய ஆய்வுகள் சொல்கின்றன.

இதற்கு எதிரான சான்றையும் நானே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நீங்கள் சொல்வீர்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 84 டயலிசிஸ் நிலையங்களில், 15,000 இற்கு மேற்பட்ட நோயாளிகளுடன் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2022 இல் லான்செற் மருத்துவ இதழில் வந்தது. பாதி நிலையங்களில் ஒவ்வொருவருடைய உடல் வெப்பநிலையிலிருந்தும் 0.5 முதல் 0.9 பாகை வரை குறைத்துத் திரவத்தை வைத்தார்கள். மற்றப் பாதியில் எல்லோருக்கும் 36.5. இதய நோய்களால் இறப்பதிலோ வைத்தியசாலையில் சேர்க்கப்படுவதிலோ வேறுபாடு தெரியவில்லை. அழுத்த வீழ்ச்சியிலும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. குளிர்ந்த பக்கத்தில் கூடுதலானவர்கள் குளிரால் அவதிப்பட்டார்கள்.

ஆகவே எல்லோருக்கும் குளிரை ஏற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. குளிர்சாதனம் நேரே தலைக்கு மேல் ஊதுகிற கட்டிலில் கிடந்து நடுங்கியவன் நான். அந்தக் கோரிக்கையை எழுத என் கையே மறுக்கும். ஆனால் அந்த ஆய்வை ஊன்றிப் படித்தால் ஒன்று தெரிகிறது. அவர்கள் ஒப்பிட்ட சாதாரண வெப்பநிலை 36.5, எங்கள் திரையிலுள்ள 37 அல்ல. இரு பக்கங்களுக்கும் நடைமுறையில் இருந்த இடைவெளி 0.6 பாகை அளவுதான். அதோடு, நிலையம் முழுவதற்கும் ஒரே கொள்கை. அழுத்தம் விழுகிறவர், விழாதவர் என்ற பிரிப்பு இல்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரிக் குளிர்விப்பதால் பயனில்லை என்பதை அந்த ஆய்வு காட்டியது. எல்லோருக்கும் 37 சரி என்று அது எங்கும் சொல்லவில்லை.

என் வாசிப்பில் நியாயமாகப் படுவது இது. தொடக்க எண்ணை 37 இலிருந்து 36.5 ஆக்கலாம். அழுத்தம் அடிக்கடி விழுகிறவர்களுக்கு மட்டும் அவரவர் உடல் வெப்பநிலைக்கு அரைப் பாகை கீழே வைத்துப் பார்க்கலாம். நடுங்குகிறவருக்கு ஏற்றலாம். தீர்ப்பு உங்களுடையது, மருத்துவம் கற்றவர்கள் நீங்கள். தீர்ப்பு என்று ஒன்று இருக்க வேண்டும் என்பது மட்டுமே என் வாதம்.

அதற்கு முதலில் வெப்பமானியை நாக்கின் கீழ் வைக்க வேண்டும். அதையும் ஒரே ஒரு நாள் பார்த்து, அதையே ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ள முடியாது. காலையில் இருக்கிற வெப்பநிலை பின்னேரத்தில் அரைப் பாகை ஏறியிருக்கும். வெயிலில் நின்று பஸ் ஏறி வந்தவரைச் சற்று ஆறவிட்டுத்தான் அளக்க வேண்டும். இன்னொரு பயனும் உண்டு: கழுத்தில் குழாய் போட்டிருப்பவர்களுக்குக் கிருமித்தொற்று வந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது காய்ச்சல்தான். குளிர்ந்த திரவம் ஓடத் தொடங்கிய பிறகு அந்தக் காய்ச்சல் மறைந்துபோகலாம். ஆகவே தொடங்குவதற்கு முன்பே அளப்பது கட்டாயம்.

ஒட்சிசன் அளவு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். கொரோனாக் காலத்துக்குப் பிறகு விரலில் மாட்டுகிற பல்ஸ் ஒக்சிமீற்றர் எல்லா இடத்திலும் இருக்கிறது. ஆனால் அது காட்டுகிற எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது ஆபத்து. குளிரில் விரலின் குருதிக் குழாய்கள் சுருங்கினால் கருவி தடுமாறுகிறது. குளிர்ந்த திரவம் ஓடுகிற நோயாளியிடம் இது இன்னும் கூடுதல். விரலைத் தேய்த்துச் சூடாக்கி, அலை சீராக வந்த பிறகுதான் எண்ணை எழுத வேண்டும். பிஸ்டுலா (டயலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக நாடியையும் நாளத்தையும் இணைத்த இடம்) உள்ள கையின் விரலில் குருதியோட்டம் குறைந்திருக்கலாம், அதனால் மற்றக் கை வேண்டும்; ஆனால் அழுத்தம் பார்க்கிற பட்டியும் அந்த மற்றக் கையில்தான் இருக்கிறது. பட்டி காற்றடித்து இறுகும் நேரத்தில் ஒக்சிமீற்றர் உளறும். திரையில் 84 என்று கண்டு ஒருவர் பதறி ஓடிவந்ததையும், பட்டி தளர்ந்ததும் அது 97 ஆகியதையும் கண்டிருக்கிறேன். தோலின் நிறமும் ஒரு காரணி. கறுப்பினத்தவரிடம் இக்கருவி ஒட்சிசன் குறைபாட்டைத் தவறவிடுவது வெள்ளையர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியது. நாங்களும் வெளிறிய தோலினர் அல்லர்.

அதைவிட முக்கியமானது குருதிச்சோகை. ஒக்சிமீற்றர் 98 காட்டுகிறது என்றால் இருக்கிற ஹீமோகுளோபினில் 98 சதவீதம் ஒட்சிசனை ஏற்றியிருக்கிறது என்றுதான் பொருள். பஸ்ஸில் இருக்கைகள் நிரம்பியிருக்கின்றனவா என்பதை அது சொல்லும். அந்தப் பாதையில் எத்தனை பஸ் ஓடுகிறது என்பதைச் சொல்லாது. ஹீமோகுளோபின் 14 உள்ளவருடைய 100 மில்லிலீற்றர் குருதி ஏறத்தாழ 18 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் சுமக்கிறது. 8 மட்டுமே உள்ள சிறுநீரக நோயாளியின் குருதி சுமப்பது 10.5 அளவுதான். இருவருக்கும் கருவி 98 என்றே காட்டும். குருதிச்சோகைக்குப் போடுகிற எரித்ரோபொயட்டின் ஊசி தவறிப்போன மாதங்களில் எங்களுக்கு மாடிப்படி ஏற முடியாமல் போவதும், கருவி எல்லாம் நன்று என்பதும் இதனால்தான். குளிர்ச்சியிலும் இதுபோன்ற ஒரு நுட்பம் உண்டு: வெப்பநிலை குறைந்தால் ஹீமோகுளோபின் ஒட்சிசனைச் சற்று இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. எண் சிறிது உயரலாம். இழையங்களுக்குப் போய்ச் சேர்வது அதே அளவில் உயர்ந்தது என்று கொள்ள முடியாது. அரைப் பாகைக்கு இது சிறிய விளைவுதான். இருந்தாலும், எண் கூடியதையே வெற்றி என்று அறிக்கை எழுதிவிட வேண்டாம்.

அப்படியானால் ஏன் எழுத வேண்டும்? ஓர் எண் தனியே நின்றால் அதற்கு மதிப்புக் குறைவு; ஒரே ஆளின் எண்கள் வரிசையாக நின்றால் அவை பேசத் தொடங்குகின்றன. ஒருவர் வரும்போதே 91, நீர் எடுக்க எடுக்க 96 என்றால் நுரையீரலில் நீர் இருந்திருக்கிறது. அவருடைய உலர் நிறையை, அதாவது மேலதிக நீர் நீங்கிய பின் இருக்க வேண்டிய நிறையை, மறுபடி கணிக்க வேண்டும். வரும்போது 97, முதல் மணித்தியாலத்தில் 90 என்றால் அது வேறு கதை. வடிகட்டியா, திரவமா, உறக்கமா என்று தேட வேண்டும். வெப்பநிலையை மாற்றிய பின் அழுத்தம் விழுவது குறைந்ததா என்பதும் அடுத்தடுத்த தாள்களைப் புரட்டினால் தெரிந்துவிடும். தொடங்கும்போது, ஒரு மணித்தியாலம் கழித்து, முடியும்போது. தாளில் மூன்று கட்டம் போதும். ஒரு தாதி எத்தனை இயந்திரங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதை நான் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதனால்தான் நான்காவது கட்டம் கேட்கவில்லை.

செலவைப் பற்றி ஓர் ஆசிரியனின் சிறு கணக்கு. 120 லீற்றர் நீரை அரைப் பாகை குறைவாகச் சூடாக்கினால் மிச்சமாவது ஏறத்தாழ 0.07 அலகு மின்சாரம். மின்சார சபைக்கு இதனால் இலாபமோ நட்டமோ இல்லை. 2022 இல் மின்வெட்டும் மருந்துத் தட்டுப்பாடும் ஒன்றாக வந்தபோது எங்களில் ஒவ்வொருவரும் எதையெல்லாம் இழக்கலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். காசில்லாமல் கிடைக்கக்கூடிய ஒன்று அப்போதும் இயந்திரத்திலேயே இருந்தது.

செலவு வரும் இடம் ஒன்றே ஒன்று: திரையில் எழுதியிருக்கிற வெப்பநிலையும் உண்மையில் ஓடுகிற வெப்பநிலையும் ஒன்றா என்று சரிபார்ப்பது. பழைய இயந்திரங்களில் உணரி விலகியிருக்கலாம். 36 என்று வைத்து 36.8 ஓடினால் இந்த மடல் முழுவதும் வீண். பராமரிப்புக்கு வருகிற தொழில்நுட்பவியலாளர் தரப்படுத்திய வெப்பமானியால் அளந்து, திகதியோடு இயந்திரத்தில் ஒட்டிவைக்கலாம். இதை நன்கொடையாளர்களிடமும் சொல்ல விரும்புகிறேன். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் பழைய மாணவர்கள் இயந்திரம் வாங்கித் தருகிறார்கள், பெயர்ப்பலகை திறக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், நல்லது. அந்த இயந்திரத்தின் ஐந்தாண்டுப் பராமரிப்புக்குக் காசு தந்து பெயர்ப்பலகை திறந்தவரை நான் இன்னும் காணவில்லை. அப்படி ஒருவர் வந்தால் நானே போய் மாலை போடுவேன்.

சக நோயாளிகளுக்கும் ஒரு சொல். இந்த மடலைக் கையில் வைத்துக்கொண்டு தாதியிடம் வெப்பநிலையைக் குறை என்று சண்டை பிடிக்காதீர்கள். இயந்திரத்தில் நீங்களாகக் கை வைக்கவே கூடாது. குளிர்ந்தால் உடனே சொல்லுங்கள். நெஞ்சு வலித்தாலோ மூச்சு முட்டினாலோ வெட்கப்படாமல் கூப்பிடுங்கள். போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு உறங்காதீர்கள். உங்கள் உதடு நீலமாவதை யாரும் பார்க்க முடியாது. பிஸ்டுலாக் கையையும் போர்வைக்கு வெளியே வையுங்கள், ஊசி கழன்றால் தெரிய வேண்டும்.

பொறுப்பானவர்களிடம் மூன்று கேள்விகளோடு முடிக்கிறேன். உங்கள் பிரிவில் திரவத்தின் தொடக்க வெப்பநிலை எத்தனை, அதை யார் தீர்மானித்தார்? அழுத்தம் அடிக்கடி விழுகிற நோயாளிக்கு அந்த எண்ணை மாற்ற யாருக்கு அதிகாரம் இருக்கிறது, இரவு முறையில் அவர் இல்லாவிட்டால் யாருக்கு? இயந்திரங்களின் வெப்பநிலை கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது?

பதிலை எனக்குத் தனியே அனுப்ப வேண்டியதில்லை. காத்திருப்போர் பகுதியிலுள்ள அறிவித்தற் பலகையில் ஒட்டினால் போதும். டெங்கு ஒழிப்பு வாரத்தின் பழைய அறிவித்தலைக் கழற்றினால் இடம் கிடைக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர்,
வலிகாமம், யாழ்ப்பாணம்.